நீலப் பென்சிலால் நிரப்பிய கட்டங்கள்

நாலாம் வகுப்புக் கணக்குக்குள் உலகத்தையே கொண்டுவர வேண்டும் என்று எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சாயாவும் பழம்பொரியும் நன்றாகவே இருந்தன. கையேட்டில் மழையே காணாத ஏதோ தூர தேசத்துப் பிள்ளை ஒருத்தி. அவள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஆறு குடம் தண்ணீர். நம் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கணக்கை எடுத்து, பட்டை வரைபடம் போட்டு, அவளை நினைத்து உருக வேண்டும். அதுதான் பாடம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் பள்ளியில் ஒரு கட்டத்துக்கு ஒரு குடம் என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். எல்லோருடைய பட்டையும் மளமளவென்று உயர்ந்தது. அரிசிக் கிட்டங்கிக்குப் பின்னால் குடியிருக்கும் தேனிப் பக்கத்துப் பெண் மட்டும் நாலு கட்டத்தோடு நிறுத்திவிட்டாள். மறுநாள் பாடத்தைப் பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள். இனி யாரை நினைத்து யார் உருகுவது? தப்பாக எண்ணியிருப்பாய் என்றேன்.

“இல்ல டீச்சரே, அம்மாவும் நானும் சேர்ந்துதான் எண்ணினோம். ஒரு வாரம் எண்ணினோம்.”

எனக்குக் கோபம் வந்தது. அதுவும் அவள் மேல், சொல்லவே நாக்கூசுகிறது. நீலப் பென்சிலைக் கையில் கொடுத்து, அவள் பதினைந்து கட்டம் நிரப்பும்வரை பக்கத்திலேயே நின்றேன். கோட்டைத் தாண்டாமல் அழகாக நிரப்பினாள். அதிகாரிகள் படம் எடுத்தார்கள், பாராட்டினார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா கவுன்சிலரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கள் சந்துக்கு ஒரு பொதுக் குழாய் கேட்டு ஒரு வருஷமாக நடக்கிறாளாம். அவள் சொன்னால் நம்ப ஆளில்லை, பள்ளிக்கூடம் எழுதி வைத்திருப்பதைக் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்திருக்கிறாள். நானும் தமிழ் என்பதால் என்னைப் பார்த்து உரிமையோடு சிரித்தாள்.

கவுன்சிலர் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் பெண்ணின் பெயரைத் தேடிப் பிடித்து, கட்டங்களை எண்ணினார். பதினைந்து குடம் வருகிறதே, பிறகென்ன குறை என்று மலையாளத்தில் கேட்டார்.

அந்த அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. “நீங்க சொல்லுங்க டீச்சரே” என்றாள்.

பிள்ளைகள் போட்ட கணக்கு சார், முன்னே பின்னே இருக்கும் என்றேன். அந்தச் சின்னப் பெண் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.