பனிநாட்டு வாழ்த்து

அம்மா போனில் ஒரு வெளிநாட்டுத் தொடர் பார்ப்பாள். அதில் வரும் பனிமலைக் கூட்டத்துக்கென்று யாரோ உட்கார்ந்து இலக்கணத்தோடு ஒரு பாஷையையே உருவாக்கியிருந்தார்கள். அதைச் சொல்லித்தர ஒரு ஆப்பும் இருந்தது. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அம்மா அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். அரிசி களையும்போதும் துணி காயப்போடும்போதும் தொண்டையிலிருந்து கரகரவென்று எதையோ சொல்லிப் பழகுவாள்.

"எந்த ஊர் பாஷைம்மா?"

"எந்த ஊர்லயும் பேசமாட்டாங்கடி. கதைக்காகச் செஞ்சது."

ஊரே பேசும் இங்கிலீஷுக்கே நான் அழுதுகொண்டிருந்தேன். யாருமே பேசாததை ஒருத்தி ஆசைப்பட்டுப் படிப்பாளா? அப்பாவைக் கேட்டால், "உங்கம்மாவுக்கு வேலை கம்மி" என்றார். அம்மா உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. குழப்பம்தான் கூடியது.

பௌர்ணமிதோறும் கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை கிரிவலத்துக்கு வருவாள். அப்பாவின் அக்கா. வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் தங்கி, சாம்பாரில் உப்பு ஜாஸ்தி, பிள்ளை இளைத்துவிட்டது என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு மறுநாள் கிளம்புவாள். அவள் தெருமுனை திரும்பியதும் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஷோரா மெத் வெலான்" என்பாள். எப்போதும் அதே வாக்கியம். ஊருக்குப் போகிறவர்களுக்குச் சொல்வதாக்கும் என்று நானாக முடிவுசெய்துகொண்டேன்.

ஒருமுறை அத்தை செருப்பு மாட்டும்போது, என் புலமையைக் காட்டுவதற்காகக் கைகூப்பி உரக்கச் சொன்னேன்.

"ஷோரா மெத் வெலான், அத்தை!"

"இன்னாடி அது?"

"அம்மாவோட பாஷை. நீங்க போனாலே அம்மா சொல்லும்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நல்லபடியா போயிட்டு வாங்கனு அர்த்தம், அண்ணி."

அத்தை அவளை உற்றுப் பார்த்தாள். மறு செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அம்மா அந்த ஆப்பைத் திறக்கவே இல்லை. அப்பாவின் போன் அடித்தாலே, "அண்ணியா?" என்று ஓடிவருவாள். நல்ல வார்த்தை சொன்னதற்கு எதற்கு இந்தப் பயம்?

அடுத்த பௌர்ணமிக்கு அத்தை வந்தாள். உப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அப்பா வெளியே போனதும் சமையலறைக்கு வந்தாள். நான் அங்கேதான் தோசை தின்றுகொண்டிருந்தேன்.

"ஏம்மா, வாழ்த்துறவளுக்கு மூஞ்சி எதுக்கு அப்படி வெளுக்குது? அது வசவுனு எனக்குத் தெரியாதா?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அண்ணி, மன்னிச்சி..."

"அது கிடக்கட்டும். எனக்கும் சொல்லிக் குடு. எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லணும். தமிழ்ல வாயைத் தொறந்தா கை நீட்டுறாரு."

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு மெதுவாக, "தொண்டையிலருந்து வரணும், அண்ணி" என்றாள். அத்தை சொல்லிப்பார்த்தாள். நாக்கு குழறியது. இருவரும் சிரித்தார்கள். அம்மா மறுபடி சொல்லிக்கொடுத்தாள். சரியாக வந்தபோது அத்தை சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மாமா என்னிடமும்தான் கை நீட்டுவார். விரல்களைப் பிரித்தால் உள்ளே கடலை உருண்டை இருக்கும். அதற்குப் போய் அத்தை யாருக்கும் புரியாத பாஷையைத் தேடுகிறாளே என்று நினைத்துக்கொண்டே மிச்சத் தோசையைத் தின்றேன்.