பன்னெண்டாம் நம்பர் காட்டுக் குளம்

எனக்குச் சந்தேகம் வந்துட்டா சோறு இறங்காது. அந்த மாசம் பூரா இறங்கவே இல்ல.

பெடாஸ் பக்கம் ஒரு பழைய எஸ்டேட்டுல எண்ணெய்க்கு வளர்த்த செம்பனை மரங்களை வெட்டிட்டு வீடு கட்டப் போறாங்க. மழைத்தண்ணி ஒரேயடியா கீழே பாயாம தேக்கி, குழாய் வழியா மெல்ல விட ஒரு குளம் வேணும். அது எவ்வளவு பெருசுன்னு கணக்குப் போடுறது என் வேலை. எவ்வளவு நிலத்துத் தண்ணி அங்க வந்து சேருது, அதுல எவ்வளவு தாரும் சிமெண்டும் ஆகப் போகுது, மழை எவ்வளவு வேகமா கொட்டும், இதான் கணக்கு. ஆனா அதுக்குக் கீழே ஆத்தோரமா என் அக்கா வீடு. போன பெருமழையில அவளோட தையல் மெஷின் முழங்கால் தண்ணியில நின்னுச்சு. அதுதான் அவ பிழைப்பு. அப்பவே மெஷினுக்கு அடியில செங்கல் அடுக்கிட்டா.

டெவலப்பரோட ஆள் ஆபீசுக்கு வந்தார். நம்ம தமிழ் ஆளுதான். "தங்கச்சி, குளம் சின்னதா வந்தா நாலு வீடு கூடக் கட்டலாம் லா"ன்னு பல்லைக் காட்டினார். என் கணக்குலயும் குளம் சின்னதாத்தான் வந்திருந்துச்சு. அவர் ஆசைப்பட்ட அதே அளவு! அது எப்படி? எதுலயோ கை வெச்சுட்டான்னு முடிவே பண்ணிட்டேன். அவர் கொடுத்த சர்வே பிளானை மூணு தடவை சோதிச்சேன். சர்வேயருக்குப் போன் போட்டு, அளவை மாத்தச் சொன்னது யாருன்னு கத்தினேன். பாவம், அந்த மனுசன் முழிச்சார். எங்க ஆபீஸ் முதலாளி மேலயும் சந்தேகம். தேடத் தேட எல்லாம் சரியாவே இருந்துச்சு, அதுல எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஒரு மத்தியானம் மழை பிடிச்ச நேரம் பார்த்து சைட்டுக்கே போனேன். எஸ்டேட் செம்மண் ரோட்டுக்கு அடியில ஒரு பழைய சிமெண்டுக் குழாய். அந்தப் பக்கத்து மேட்டுத் தண்ணி பூரா அதுல புகுந்து இந்தப் பக்கம் கொட்டுது. அடக் கடவுளே! என் கணக்குல அந்த மேடே இல்ல. தண்ணி வந்து சேர்ற நிலத்துக்கு எல்லைக்கோடு போட்டு, அதை ரோட்டோட நிறுத்தினது நானேதான்.

அந்த எஸ்டேட்டுல பிறந்தவ நான். ரோட்டுக்கு இந்தப் பக்கத்துத் தோட்டம் பன்னெண்டாம் நம்பர் காடு, அந்தப் பக்கம் பதிமூணு. வேலை பிரிச்சுக் கொடுத்த மண்டோர் வெச்சதுதான் எல்லை. எங்கப்பா ஆயுசுக்கும் அதைத் தாண்டி ஒரு குலை வெட்டினதில்ல. மேடு பள்ளமெல்லாம் பிளான்ல தெளிவா இருந்தும் என் கை மண்டோர் பேச்சைத்தான் கேட்டிருக்கு. தண்ணிக்குக் காட்டு நம்பரா தெரியும்?

முதலாளிகிட்ட ஒப்புக்கிட்டேன். குளம் ஒன்றரை மடங்காச்சு, நாலு வீடு போச்சு. டெவலப்பரோட ஆள் மறுபடி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க அக்கா வீடு கீழதானே இருக்கு? அதான் குளம் பெருசாச்சா, தங்கச்சி?"

சுருக்குன்னுச்சு. ஒரு மாசமா நான் அவரைப் பார்த்த பார்வையும் இதேதானே? "வாங்க, குழாயைக் காட்டுறேன்"ன்னேன். வரல.

குளம் வெட்டி முடிச்சு முதல் பெருமழை வந்துச்சு. குளம் நிறைஞ்சு மெல்ல வடிஞ்சது. அக்கா வாசலுக்கு ஒரு சொட்டு வரல. பெருமையா அவ வீட்டுக்குப் போனேன். மெஷினுக்கு அடியில செங்கல் இன்னும் ஒரு வரிசை ஏறியிருந்துச்சு. என் தப்பை ஒளிக்காம அவகிட்ட முன்னமே சொல்லியிருந்தேன்.

"இன்னும் எதுக்கு லா இது? எடுத்துடு."

அக்கா ஊசியில நூல் கோத்துக்கிட்டே, நிமிராம சொன்னா: "இருக்கட்டும். கோடு போட்டது நீதானே."