பேத்தியைத் தூங்கவைக்கும் ஸ்காட்லாந்துப் பாட்டு

என் மகனும் மருமகளும் ஸ்காட்லாந்தில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறார்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை எழுதுகிறாள். அவள் அம்மாவைப் பற்றிச் சொல்வதையும் விடாமல் எழுத வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பேத்தி அங்கேதான் பிறந்தாள். பிரசவத்துக்கு யார் போவது என்று பேச்சு வந்தபோது நான் பிளேனுக்குப் பயந்து, சீசன் நேரம், பட்டாசுக் கம்பெனியில் ஆள் இல்லை என்று நழுவிக்கொண்டேன். சாத்தூர்ச் சம்பந்தியம்மாதான் போய் ஆறு மாசம் இருந்துவிட்டு வந்தார். வந்தவர் சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டைப் போட்டு எல்லோருக்கும் காட்டினார். காட்டட்டும் என்று இருந்தேன். இந்தப் புரட்டாசியில் எல்லோரும் லீவில் வந்து, சம்பந்தியம்மாவும் என் வீட்டில் வந்து தங்கியபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

பேத்திக்கு ரெண்டு வயசு. ஒரே ஒரு பாட்டுக்குத்தான் தூங்குவாள். அவள் பிறந்த மாசம் அந்த ஊர்ப் பையன்கள் சிலர், டிரம்மும் கிதாருமாக வெளியிட்ட பாட்டாம். எந்தப் படம் என்று கேட்டேன். படமே இல்லையாம், பாட்டு மட்டும் தனியாக வருமாம். அப்படியானால் அதற்கு யார் ஆடுவார்கள் என்று கேட்டதற்கு மகன் சிரித்தான். சம்பந்தியம்மா அங்கே இருந்தபோது அதை ஓயாமல் கேட்டு, வார்த்தை தெரியாமலே ராகத்தை முனகப் பழகியிருந்தார். அவர் நிதானமாக முனகினால் பிள்ளைக்குக் கண் சொக்கும். நான் தாலாட்டுப் பாடினால் வீறிட்டு அழுவாள். என் வீட்டில், என் சேலையில் கட்டிய தொட்டிலில், அந்தம்மா பாடி என் பேத்தி தூங்குகிறாள்.

"ஒங்களுக்குத் தொண்ட கொஞ்சம் கரகரப்பு மதினி. பிள்ள மெரளுதுல்ல," என்றார். "நாம் பாத்துக்கிடுதேன். நீங்க போயி வேலயப் பாருங்க."

"ஒங்க தொண்ட மட்டும் தேன்ல ஊறுச்சாக்கும்," என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுது தாயி, ஏன் நிறுத்துகிறாய்?

அந்தப் பாட்டைக் கற்றே தீர்வது என்று முடிவு கட்டினேன். காலையில் சோறு வடிக்கும்போது மகனிடம் அதைப் போனில் போடச் சொல்லிக் கேட்பேன். பட்டாசுக் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் ராகத்தை மனசில் பிடித்துக்கொண்டு போய், வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டே நாளெல்லாம் முனகுவேன். தீபாவளி லோடு ஏறுகிற நேரம், கை பறக்கும். என்ன பாட்டு என்று கேட்டவர்களிடம் என் பேத்தி ஊர்ப் பாட்டு என்றேன். கொஞ்ச நாளில் ஷெட் முழுக்க அதைத்தான் பாடியது. "பாடுனா கை தானா ஓடுதுக்கா," என்றாள் பக்கத்தில் இருந்தவள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேத்தியை நானே தொட்டிலில் போட்டேன். சம்பந்தியம்மா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். பாட ஆரம்பித்தால், குழாய் சுற்றுகிற வேகத்தில்தான் பாட்டு வருகிறது. நிதானமாகப் பாடினால் ராகம் மறந்துபோகிறது. கையும் தொட்டிலை அதே வேகத்தில் ஆட்டுகிறது. பிள்ளை கண்ணை அகல விரித்தாள். பிறகு எழுந்து, சேலையைப் பிடித்துக்கொண்டு குதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"தூங்கவைக்கச் சொன்னா சாமியாட வச்சிட்டீகளே மதினி," என்றார் சம்பந்தியம்மா.

எனக்கு முகம் செத்துப்போனது. பிள்ளையை இறக்கிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவள் பின்னாலேயே வந்து, முந்தானையை இழுத்து, இடுப்பை ஆட்டிக் காட்டினாள். பாடு என்கிறாள். பாடினேன். நிறுத்தினால் அழுகை. சம்பந்தியம்மா கை நீட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போதும் கண் சொருகினால் அந்தம்மாவிடம்தான் போகிறாள். போகட்டும். தூங்குகிற பிள்ளையோடு என்ன பேச முடியும்? விழித்ததும் என்னைத்தான் தேடுகிறாள். நேற்றுச் சம்பந்தியம்மா மெல்ல வந்து, அந்த வேகத்தில் எப்படிப் பாடுவது என்று கேட்டார்.

"அது சும்மா வராது மதினி," என்றேன். "ஒரு சீசன் எங்கூட வந்து கொழாய் சுத்துங்க."