இன்ஜினுக்கு அடியில் எருமைத் தோல்

ஆம்பூரில் டீசல் இன்ஜின் என்று யாராவது பேச்செடுத்தால் என் பெயர் வராமல் பேச்சு முடியாது. நான் படித்தது ஐந்தாவது. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் தெருமுனையில் லாரி திரும்பும்போதே எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று நாற்காலியை விட்டு எழாமல் சொல்லிவிடுவேன். சொந்த ஷெட், சொந்த லேத்து, எனக்குக் கீழே டிப்ளமா படித்த பையன்கள். போன வருஷம் ஒரு பெரிய கம்பெனிக்காரன் என்னைத் தேடிக்கொண்டு வந்து, வேலூர் சத்துவாச்சாரியில் ஹைவே மேலேயே சர்வீஸ் சென்டர் போட்டுத் தருகிறோம், நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்றான். என் மகன் குதித்தான். நான் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஷட்டர் உயரம் பத்தாது. லோடு லாரி உள்ளே வராது. இதெல்லாம் அனுபவத்தில் தெரிவது.

இந்தக் கை முதன்முதலில் கழற்றியது ஒரு ஜீப் இன்ஜின். அப்போது எனக்குப் பத்து வயசு கூட ஆகவில்லை. நான் இல்லாவிட்டால் அது வெளியே வந்திருக்காது. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பாய் முதலாளியின் டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு முடி கழல வைப்பார்கள், அது. நைனாவின் விரலில் ரேகை இருக்காது, தேய்ந்துபோய் வழவழவென்று இருக்கும். நகத்தைச் சுற்றிப் புண் ஆறினதே இல்லை. அவர் சோறு பிசையும்போது அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, "இந்தக் கையை அந்தக் குழி எப்பத்தான் விடுமோ" என்பாள்.  நைனா அடுத்த உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

டேனரி மூலையில் ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. முதலாளி மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது. நாலு சக்கரமும் இழுக்கும். சேறு, பாறை எதுவும் அதற்குக் கணக்கில்லை. ஜவ்வாது மலையிலிருந்து, தோல் பதம் போடுகிற கடுக்காய் ஏற்றிவரத்தான் வாங்கினார். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போக, அது குடிக்கிற குடிக்குக் கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்டார். அதன் சீட்டில் கோழி முட்டை வைத்துக்கொண்டிருந்தது.

என் தாய்மாமன்தான் இதில் ஒரு வழி கண்டுபிடித்தார். வாணியம்பாடியில் லாரிக் கிளீனராக இருந்துவிட்டு, அங்கிருந்து வரும்போது மெக்கானிக்காக வந்தவர். அவராகவே முதலாளியிடம் போய், குடோனில் சும்மா கிடக்கிற டீசல் இன்ஜினை ஜீப்பில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

முதலாளி நைனாவைக் கூப்பிட்டார். "ஓடிச்சுன்னா வண்டி உன் பொறுப்பு. தை மாசத்துலேர்ந்து மலைக்குப் போயி நீதான் கடுக்காய் பார்த்து வாங்கிட்டு வரணும். உன் மச்சான் வண்டி ஓட்டட்டும். குழிக்கு நான் வேற ஆளு போட்டுக்கறேன். ஓடலன்னா குழி இருக்கவே இருக்கு."

இன்ஜினில் ஒரு நட்டு கழலுவதற்கு முன்னாலேயே அம்மா நைனாவுக்குக் காக்கிச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை டேனரி லீவு. மூன்று சவுக்குக் கம்பத்தைக் கூம்பாகக் கட்டி, டிரம் தூக்குகிற செயின் பிளாக்கை மாட்டினார்கள். பானெட், ரேடியேட்டர், ஒயர், பைப்பு எல்லாம் கழன்றது. கியர் பாக்ஸையும் இன்ஜினையும் சேர்க்கிற போல்ட்டில் மட்டும் ஒன்று, மேலே, டிரைவர் காலுக்கு முன்னால் இருக்கிற தகரச் சுவரோடு ஒட்டினமாதிரி இருந்த இடுக்கில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. மாமா கை நுழையவில்லை. நைனா கை கிட்டவே போகவில்லை.

"மாப்ள, உன் கையைக் குடு" என்றார் மாமா.

இன்ஜின் மேல் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். ஸ்பானர் பிடித்தது. மாமா பின்னாலிருந்து, "இழு, இழு, உன் வாத்தியாரு காதுன்னு நெனச்சு இழு" என்றார். முழங்கைத் தோல் உரிந்தது, நட்டு சுற்றியது. செயினை இழுக்க இழுக்க அந்த இன்ஜின் எண்ணெய் சொட்டச் சொட்ட மேலே எழும்பியது. நைனா கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதையே அண்ணாந்து பார்த்தார். ஜீப் பல் இல்லாத வாய் மாதிரி ஆகிவிட்டது.

ஏற்றுகிற வேலை அடுத்த வெள்ளிக்கிழமை. டீசல் இன்ஜின் கனம் ஜாஸ்தி. சட்டத்தில் புதுசாகத் தாங்கி வெல்டிங் அடித்தாயிற்று. தாங்கிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மெத்தை மாதிரி தடி ரப்பர் வேண்டும், உதறலை அதுதான் வாங்கும். பழைய ரப்பர் பிய்ந்து கிடந்தது. புதுசுக்கு மெட்ராஸ் போகணும்.

"ஆம்பூர்ல உட்கார்ந்துக்கினு ரப்பருக்கு அழறதா?" என்றார் மாமா.

அவர் சொன்னதில் தப்பு யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊரில் பம்புக்கு வாஷர் தோல், கதவுக் கீலுக்குத் தோல், ஆடுகிற கட்டில் காலுக்கு அடியிலும் தோல்தான். செருப்பின் அடிக்குப் போடுகிற தடி எருமைத் தோலை, மரப்பட்டையில் பதம் போட்டதை, தண்ணீரில் ஊறவைத்து, நாலு மடிப்பாக அடுக்கி ரிவெட் அடித்துவிட்டார். பார்க்க ரப்பரைவிட அம்சமாக இருந்தது.

நைனா அதைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் அழுத்தினார். "சூடு தாங்குமாடா?"

"மாமா, தோலு உங்க டிபார்ட்மென்டு. இன்ஜின் என் டிபார்ட்மென்டு. நடுவுல பூந்தா பேஜாராயிடும்" என்றார் மாமா. அக்கா புருஷன் என்பதால் நைனாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள், அவளும் சிரித்தாள். தம்பி மெக்கானிக் ஆன பெருமை அவளுக்கு. நைனாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கீழே கிடந்த வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

வீடு டேனரிக்குப் பின்னாலேயே. பீடி எடுத்துவர என்று நைனா கிளம்ப, நானும் கூடவே போனேன். அடுப்பில் உலைத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. நைனா ஒரு சொம்பில் அதை மொண்டு, மடியிலிருந்த தோல் துண்டை உள்ளே போட்டார். பதம் சரியாக ஏறியிருக்கிறதா என்று டேனரியில் தோலைக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள். குரோம் என்கிற இங்கிலீஷ் மருந்தில் போட்ட நீலத் தோல் அப்படியே கிடக்கும். பட்டைத் தோல் சுருங்கும். தோல்காரன் வீட்டில் பிறந்த எனக்கே தெரியும், நைனாவுக்குத் தெரியாதா. துண்டு மிளகாய் வற்றல் மாதிரி சுருண்டு மேலே வந்தது.

"இன்னா நைனா அது?"

"ஒண்ணுமில்லடா. சும்மா."

அதை அடுப்புச் சாம்பலுக்குள் விறகால் தள்ளினார். ஆணியில் தொங்கிய புதுக் காக்கிச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பீடியை மறந்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

"இன்னா மாமா, போட்டுடலாமா?" என்றார் மாமா.

"போடு" என்றார் நைனா.

இன்ஜின் இறங்கி உட்கார்ந்தது. கிளட்ச் பிளேட்டுக்குள் கியர் ராடு நுழைய அரை நாள் ஆட்டினோம். கடைசியில் ஸ்டார்ட் ஆனபோது டேனரி முழுக்கப் புகை. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு "ஷாபாஷ்" என்றார்.

தை பிறந்ததும் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். மாமா ஸ்டியரிங்கில், நைனா காக்கிச் சட்டையில் பக்கத்தில், நான் பின்னால் காலிச் சாக்கு மேல். அம்மா வாசலில் நின்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மலையடிவாரத்து ஆலங்காயம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. செக்போஸ்ட்டில் ஃபாரஸ்ட் கார்டு வந்து, எந்த ஊரில் வாங்கப் போகிறீர்கள், யார் சரக்கு, அங்கே யாரைத் தெரியும் என்று நைனாவைக் கேட்டான். நைனா உதட்டை ஈரம் பண்ணிக்கொண்டு மாமாவைப் பார்த்தார். மாமாதான் எல்லாம் சொன்னார். வண்டி மலை ஏற ஆரம்பித்ததும் நைனா முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மலைக்காரங்ககிட்ட போயி இன்னாடா பேசறது?"

"கடுக்காய் கேக்கணும். வேற இன்னா, பொண்ணா கேக்கப்போறீங்க?"

நைனா சிரிக்கவில்லை. "நமக்குத் தோலுதான்டா பேசத் தெரியும்" என்றார். இன்ஜின் இரைச்சலில் மாமா காதில் அது விழவில்லை.

வளைவுகள் ஆரம்பித்தன. இன்ஜின் முனக ஆரம்பித்தது. திடீரென்று தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி சத்தம், முன்னால் ஒரே ஆவி. பானெட்டைத் திறந்தால், சைலன்சர் பக்கத்துத் தோல் பாதியாகச் சுருங்கிக் கொம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. போல்ட் லூசாகி, இன்ஜின் சாய்ந்து, ஃபேன் ரேடியேட்டரைக் கடித்துவிட்டது. மாமா ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

"எருமை ஏமாத்திடிச்சு மாமா."

"போனாப் போவுது. எழுந்திரு. வண்டியைத் திருப்பு."

இன்ஜினை அணைத்து, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து உருட்டிக்கொண்டே இறங்கினோம். இறங்க இறங்க நைனாவுக்குப் பேச்சு வந்தது. செக்போஸ்ட்டில் அவரே தலையை நீட்டி, "கடுக்காய் இன்னும் முத்தல சார்" என்றார். கார்டு சிரித்தான். ஆலங்காயத்தில் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். மாமா தோளைத் தட்டிக்கொண்டே வந்தார்.

 அம்மா காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். மறுநாள் நைனா வழக்கத்தைவிட முன்னாடியே குழிக்குப் போய்விட்டார். மதியம் சோறு கொண்டுபோனபோது பார்த்தேன். தோலின் மேல் கட்டைவிரலை வைத்துத் தள்ளிப் பார்க்கிறார். ஆட்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "இன்னும் ஒரு நாள் கெடக்கட்டும்" என்றார். மறுபேச்சு இல்லாமல் கலைந்து போனார்கள். நைனா ஏதோ மெட்டு முனகிக்கொண்டே கை கழுவ வந்தார். அம்மாவுக்காகத் துக்கத்தை மறைக்கிறார் என்று நினைத்து நான் குழி மறைவில் நின்று அழுதேன்.

பிறகு அந்த ஜீப்புக்கு வேலூர்க்காரன் ஒருவன் ரப்பர் போட்டுக்கொடுத்தான். வேறொரு ஆள் அதை மலைக்கு ஓட்டினார், மாடி வீடு கட்டினார். ஜீப் தெருவில் போகும்போதெல்லாம் அம்மா அதைப் பார்ப்பாள், பிறகு மாமாவைத் திட்டுவாள். மாமாவும் சாகிற வரைக்கும் அந்தத் திட்டைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். நைனா குறுக்கே ஒரு நாளும் பேசியதில்லை. நானும் தோல்தான் எங்களைக் கவிழ்த்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மலைக்குப் போக உனக்கு இஷ்டமா என்று அந்த மனுஷனை முதலாளியும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. சொம்புத் தண்ணீரைக் கூடவே நின்று பார்த்த பையனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன வாரம் என் மகன் மறுபடியும் சத்துவாச்சாரிப் பேச்சை எடுத்தான். "ஷட்டர் எத்தனை அடின்னு சொல்லுப்பா, ஒசத்திக்கலாம்" என்றான். நான் அங்கே போனபோது அளக்க டேப்பையே எடுக்கவில்லை. ஷெட்டில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதில் பையன்கள் வேலையை முடித்தாயிற்று. நான் எழுந்துபோய் அதற்கு அடியில் படுத்துக்கொண்டேன்.