நடுவில் இருந்த வரி

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்பத்தூரில் ஒரு கல்லூரி வாசலில் நடந்தது இது. அன்று எனக்கு எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு. வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். முந்தைய முயற்சியில் ஆங்கிலப் பகுதிதான் காலை வாரியது. நீளநீளமான பத்திகளைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. வீட்டில் கெஞ்சி வாங்கிய கடைசி வாய்ப்பு இது.

கூடப் படித்த தோழி ஒரு வழி சொல்லியிருந்தாள். கேள்வியை முதலில் பார்த்துவிடு, பத்தியில் முதல் வரி, கடைசி வரி மட்டும் படி, நடுவை விட்டுவிடு. தினமும் அண்ணனூரில் ரயில் ஏறி அம்பத்தூரில் வேலைக்கு இறங்குவதற்குள் ஒரு பத்தி என்று பழகினேன். நிமிஷங்கள் மிச்சமாயின, கர்வமும் வந்தது. போகப்போக அம்மாவின் வாட்ஸப் செய்தியைக்கூட அப்படித்தான் படித்தேன்.

ஹால் டிக்கெட்டையும்தான். மேலே எனக்குத் தெரிந்த அம்பத்தூர்க் கல்லூரியின் பெயர், கீழே சென்னை. அவ்வளவு போதும் என்றிருந்துவிட்டேன்.

வாசலில் காவலாளி அதை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"இன்னாம்மா, நடுவுல போட்டுகீறத பாக்கலியா? உனுக்கு காட்டுப்பாக்கம் காலேஜு."

ஒரே பெயரில் இரண்டு இடம். அங்கே கேட் மூட முப்பத்தைந்து நிமிஷம்தான் இருந்தது. ஆட்டோ புக் பண்ணப் பார்த்தேன், பயத்தில் இடத்தின் பெயரைக்கூடச் சரியாக அடிக்க வரவில்லை. அப்பாவிடம் என்ன சொல்வேன் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மகளை உள்ளே அனுப்பிவிட்டு பைக்கில் சாய்ந்து நின்ற ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏறும்மா. என் பொண்ணு உள்ள பூட்டா. நான் இங்க குந்திகினு இன்னா பண்ணப் போறேன்" என்று மகளின் ஹெல்மெட்டை நீட்டினார்.

அயப்பாக்கம், திருவேற்காடு என்று வண்டி பறந்தது. வேகத்துக்குப் பயப்படுவதா, ஒவ்வொரு சிக்னலுக்கும் பயப்படுவதா என்று தெரியவில்லை. ஒரு தண்ணீர் லாரி குறுக்கே திரும்பி நின்றபோது, முடிந்தது என்றே நினைத்தேன். அவர் வண்டியை மண் ஓரமாக இறக்கி ஓட்டினார்.

காட்டுப்பாக்கத்தில் கேட்டை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். குதித்து ஓடினேன்.

"ஹெல்மெட்டயாவது குட்த்துட்டு போம்மா" என்று பின்னால் குரல் வந்தது. கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே நுழைந்தேன்.

திரையில் முதல் பத்தி வந்ததும், பழக்க தோஷம், கண் கடைசி வரிக்குத் தாவியது. ஹால் டிக்கெட் ஞாபகம் வந்தது. கண்ணை மேலே இழுத்து வந்து எல்லா வரியையும் படித்தேன். ஒரு பத்தியை முழுசாக விட வேண்டி வந்தது. ஆனாலும் இடம் கிடைத்தது.

இன்றும் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் அந்த வாசலில் வந்த பயம் திரும்பி வந்து, நடுவில் இருப்பதைப் படிக்க வைத்துவிடுகிறது. ஆனால் அன்றைய அவசரத்தில் இன்னொன்றையும் தாண்டி ஓடிவிட்டேன்: அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லவே இல்லை.