வெள்ளை மருந்தும் பானுமதியின் குரலும்

கொல்லிமலையில் சாவோ, திருவிழாவோ, தடுப்பூசி முகாமோ, எதுவானாலும் பானுமதியின் குரலில்தான் ஊர்களுக்குத் தெரியவரும். கணவர் சின்னுசாமி ஜீப்பை ஓட்ட, பக்கத்தில் மைக்கோடு அவர் உட்கார்ந்திருப்பார்.

நாற்பதைத் தாண்டியதும் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. வாரம் இருமுறை மலையிறங்கிப்போய் டயாலிசிஸ் செய்துகொண்டார். மற்ற நாட்களில் மைக்கை விடவில்லை. சில வருடங்கள் அப்படியே ஓடின.

பிறகு எலும்பெல்லாம் வலித்தது. கை தானாக உதறியது. போன ஆடியில் மலையின் எடப்புளி நாட்டுப் பகுதியில் ஒரு சாவு அறிவிப்பு. இறந்த மாரப்பன் அவருக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். ஆனாலும் பெயர் வாயில் வரவில்லை. "மா... மா..." என்று ஒலிபெருக்கி இழுத்துக்கொண்டே இருந்தது. மரவள்ளிக் காட்டில் நின்றவர்கள் என்னவோ ஏதோவென்று ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். சின்னுசாமி மைக்கை வாங்கிச் சொல்லி முடித்தார். பானுமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த டயாலிசிஸின்போது டாக்டர் சங்கீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

"நாங்க தர்ற மாத்திரை தவிர வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்க."

"அந்த வெள்ள மருந்து குடிக்கிறியே கண்ணு," என்றார் சின்னுசாமி.

"அது மருந்துங்களா? நெஞ்செரிச்சலுக்குக் கடையில வாங்கறதுங்க. தினமும் ரெண்டு மூடி."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த மாதிரி மருந்துல அலுமினியம் இருக்கும்மா. கிட்னி நல்லா இருந்தா வெளியே தள்ளிரும். உங்களுக்கு அது நடக்காது. டயாலிசிஸும் முழுசா எடுக்காது. எலும்புலயும் மூளையிலயும் போய்த் தங்கிரும்."

"அப்ப ஊட்டுல இருக்கற அலுமினியக் குண்டாவெல்லாம் தூக்கிப் போடோணுங்களா?" என்று கேட்டார் பானுமதி.

"அதுல இருந்து வர்றது ரொம்பக் கொஞ்சம். புளிப்புக்கு அது கரையும், அதனால புளிக்குழம்பு மட்டும் அதுல வைக்காதீங்க."

டயாலிசிஸ் தண்ணீரிலும் அலுமினியம் இருக்கலாம் என்று அதையும் சோதித்தார்கள், அதில் குறையில்லை. ரத்தப் பரிசோதனையில் அலுமினியம் மலைக்கும்படி இருந்தது. டாக்டர் அதை நம்பவில்லை. ரத்தம் பிடிக்கும் சாதாரணக் குழாயின் மூடியில், காற்றில் பறக்கும் மண்தூசியில்கூட அலுமினியம் உண்டு. அது ரத்தத்தில் கலந்தால் கணக்கு பொய்யாகிவிடும். இதற்கென்றே வரும் பிளாஸ்டிக் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து, நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு துளியைக் கரிக்குழாய் உலையில் ஆவியாக்கி, அதன் ஊடே ஒளியைச் செலுத்துவார்கள். எவ்வளவு ஒளி விழுங்கப்படுகிறதோ, அதை வைத்து அலுமினியத்தின் அளவு தெரியும். இம்முறை முந்தையதில் பாதிகூட இல்லை. ஆனாலும் நோய் உண்டாக்கப் போதுமான அளவு.

வெள்ளை மருந்தை நிறுத்தினார்கள். உடம்பில் தங்கியதைப் பிடித்து ரத்தத்துக்கு இழுத்துவரும் மருந்தை ஊசி வழியாகக் குறைந்த அளவில் ஏற்றினார்கள். அப்படி வந்தது அடுத்தடுத்த டயாலிசிஸில் வெளியேறியது. ரத்தத்துக்கு வந்ததில் கொஞ்சம் மூளைக்கும் போனதால் முதல் வாரங்களில் கை உதறல் கூடியது. டாக்டர் முன்பே எச்சரித்திருந்தாலும் பானுமதி பயந்துபோய், "நான் இனி பேசவே மாட்டேனுங்களா?" என்று அழுதார்.

அந்த மாதங்களில் சின்னுசாமியே அறிவிப்புச் செய்தார். கூச்சக்காரர். திருவிழாவைக்கூட எழவு சொல்வதுபோல் சொன்னார். செம்மேட்டுச் சந்தையில் எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். கேட்டுவிட்டுப் பானுமதி வாய்விட்டுச் சிரித்தார். நெடுநாளைக்குப் பின் வந்த சிரிப்பு.

தையில் உதறல் நின்றது. வலி பாதியாகக் குறைந்தது. நீளமான சொற்கள் மட்டும் இன்னும் தடுக்குகின்றன. அவற்றை விட்டுவிட்டு, "சாமி, நாளைக்குக் காலையில ஊசி போடறாங்க, புள்ளைங்களக் கூட்டிட்டு வந்துருங்க" என்று மைக்கில் வீட்டுப் பேச்சிலேயே சொல்கிறார். முன்பைவிட இதுதான் நன்றாகப் புரிகிறது என்கிறார்கள் கேட்பவர்கள்.