எஸ்நாத் கொடுத்த சில்வண்டுகள்

என் அண்ணி எஸ்நாத், கடையில் உப்பு வாங்கினால்கூட நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிந்துகொள்வாள். கட்டின புருஷனையே அரைகுறையாகத்தான் நம்பினாள், அவன் என் அண்ணன் என்பதால் எனக்கும் அதே கதி. ஆனால் பிசினாய் ஒட்டும் அத்திப்பால் தடவிய நாணல் கழியால் சில்வண்டு பிடிப்பதில் எங்கள் மிசாலே ஊரில் அவளை மிஞ்ச ஆளில்லை. சிறகைப் பிய்த்து வறுத்துச் சோளக்களியோடு அவள் வைத்தால் நான் சண்டையை மறந்துவிடுவேன்.

முதல் மழைக்குப் பிறகு லுசுங்கு என்ற ஆராய்ச்சிப் பெண் வந்தாள். குன்றுத் தோப்பில் கத்தும் சில்வண்டு வேறு எங்குமே இல்லாத தனிப் பேரினமோ என்று அவளுக்குச் சந்தேகம். சிறகு நரம்பையும் ஆண்வண்டின் வயிற்றடி மூடியையும் பார்த்தால்தான் தெரியுமாம். தனிப் பேரினம் என்றால் மரம் வெட்டிக் கரி சுடும் கரிக்காரர்களைத் தோப்புக்குள் விடமாட்டேன் என்று ஊர்த்தலைவர் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். உச்சிக்கிளை லுசுங்குவுக்கு எட்டவில்லை. பிடித்துத் தரும்படி எஸ்நாத்திடம் கேட்டாள்.

"சிறகோட வேணுமாம், திங்க மாட்டாளாம். அப்புறம் எதுக்காம்?" என்றாள் எஸ்நாத் என்னிடம்.

"பேரு வைக்கத்தான், அண்ணி."

"இன்னிக்குப் பேரு வைப்பா, நாளைக்கு வேலி போடுவா. நீ போய் சோளத்தை இடி."

ஆற்றங்கரை மாமரத்தில் பிடித்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். லென்ஸில் பார்த்த லுசுங்குவின் முகம் வாடியது.

"ஊரெல்லாம் இருக்கறதுதாம்மா இது. குன்றுத் தோப்புல பிடிச்சதுதானே? சத்தம் வேற மாதிரி கேட்டுச்சே."

"காத்து அப்படி. தோப்புலதான் பிடிச்சேன்."

லுசுங்கு தன் கல்லூரி இருக்கும் நகரத்துக்குத் திரும்பினாள். கரிக்காரர்கள் குன்றேறினார்கள். கோடாலிச் சத்தம் கேட்ட பிறகுதான் எஸ்நாத் என்னிடம் உண்மையைச் சொன்னாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. விழுந்துகொண்டிருந்த மரங்களில் அகப்பட்ட வண்டுகளைச் சிறகு நலுங்காமல் கூடையில் வைத்துக்கொண்டு, இருவரும் லாரியேறி லுசுங்குவின் கல்லூரிக்குப் போனோம்.

லென்ஸின் மேல் குனிந்த லுசுங்கு வெகுநேரம் நிமிரவில்லை.

"இது வேறதான். எங்க பிடிச்சீங்க?"

"குன்றுத் தோப்புல. அன்னிக்குக் கொடுத்தது ஆத்தங்கரையில பிடிச்சது."

"அன்னிக்கும் தோப்புன்னுதானேம்மா சொன்னீங்க? நான் எதை நம்பறது? எடம் சரியாத் தெரியாம தனிப் பேரினம்னு எழுத முடியாது. வாங்க, அந்த மரத்தைக் காட்டுங்க. நானே பிடிச்சுக்கறேன்."

எஸ்நாத் கூடையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மரம் இல்லம்மா. வெட்டிட்டாங்க."

லுசுங்கு அவளையே பார்த்தாள். அதையும் அவள் நம்பவில்லை.